பாயின் வெறும் பாட்டில்

மற்றவர்கள் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், நகையைப் பார்த்து, அடுத்தவன் பிள்ளையின் படிப்பைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பொறாமைப்பட்டது ஒரு பாட்டில் தண்ணீருக்கு. அதிலும் அந்தத் தண்ணீருக்குள் ஒன்றுமே இல்லை என்பதற்காக.

தென்காசியில் தண்ணீர் பரிசோதனை செய்கிற ஒரு தனியார் லேபில் எனக்குப் பாட்டில் கழுவுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு லேபில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். கீழே கவுண்டர். தண்ணீர் கொண்டு வருகிறவர்களும் ரிசல்ட் வாங்க வருகிறவர்களும் அங்கே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மாடியில் மெஷின் இருக்கும் ஏசி அறை. அதை ஒட்டிக் கழுவுகிற அறை. அந்த அறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான். அங்கே யாரும் வந்து பேச மாட்டார்கள்.

எனக்குப் பேச்சு வராது. திக்குவாயெல்லாம் இல்லை, கூச்சம். இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்க மாட்டேன். அப்படிப்பட்டவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிற அறை கிடைத்தால் விடுவானா?

சாதாரணப் பரிசோதனைக்கு உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று பார்ப்பார்கள். செம்பு பார்க்கிற மெஷின் பிறகுதான் வந்தது. செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் மழைக்கு முன்னால் செம்பு உப்பான துரிசையும் சுண்ணாம்பையும் கலந்து மரங்களுக்கு அடிப்பார்கள். மழை வந்ததும் அது கழுவிக்கொண்டு ஓடைக்கு வரும். மீன்குட்டை வைத்திருப்பவர்கள் அதற்குப் பயந்து தண்ணீரைக் கொண்டு வருவார்கள். குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் சிலருக்குக் குளியலறைத் தொட்டியில் நீலக் கறை விழும். வெந்நீர் வருகிற செம்புக் குழாய் அரிப்பதால் அப்படி ஆகும் என்று மேடம் சொல்வார்.

மேடம்தான் எங்கள் கெமிஸ்ட். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் நிற்கும்போது என் கை தானாகப் பின்னால் போய்விடும். செம்புக்குப் பாட்டில் கழுவுவது வேறு மாதிரி என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். ஒரு கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை என்கிற அளவில் இருப்பதை அந்த மெஷின் கண்டுபிடிக்கும். அதனால் பாட்டிலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற துளியூண்டு அழுக்குகூடத் தண்ணீரில் இருந்த செம்பு மாதிரி கணக்கில் ஏறிவிடும். பாட்டிலை ஆசிட் தொட்டியில் ஊறப் போட வேண்டும். எடுத்துச் சுத்தத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மூடியின் உட்பக்கத்தில் எதுவும் படக் கூடாது. பிறகு கவிழ்த்துக் காய வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூட வேண்டும்.

கழுவியது சரியா என்று பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு பாட்டிலில் லேபின் சுத்தத் தண்ணீரையே நிரப்பி மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். அதில் செம்பே இருக்கக் கூடாது. இருந்தால் அது கழுவியவன் விட்டது. அதைப் பிளாங்க் என்பார்கள். நான் எனக்குள் வெறும் பாட்டில் என்று சொல்லிக்கொள்வேன்.

என் வெறும் பாட்டிலில் கொஞ்சம்போல ஏதாவது காட்டும். மேடம் பார்த்துவிட்டு, “பரவால்ல அண்ணாச்சி” என்பார். அந்தப் பரவாயில்லையைப் பாராட்டு என்று நினைத்து நான் எத்தனையோ சாயங்காலம் சைக்கிளை நிதானமாக மிதித்து வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

வேலை கூடியதும் இன்னொரு ஆளைச் சேர்த்தார்கள். கடையநல்லூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற பிளான்ட்டில் ரொம்ப வருஷம் உதவியாளாக இருந்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்தவர். எல்லாரும் அவரைப் பாய் என்றோம். வந்த அன்றைக்கே கீழே கவுண்டரில் இருந்த பெண்ணை, டீ கொண்டு வருகிறவரை, மேடத்தை, மேடத்துக்குப் போனில் வந்த அவருடைய அம்மாவைக்கூடச் சிரிக்க வைத்துவிட்டார். சாயங்காலம் என் பக்கம் திரும்பினார்.

“என்ன அண்ணாச்சி, காலைலேர்ந்து பாக்கேன், ஒரு வார்த்த பேசக் காணோம். பாட்டில்ட்டயாவது பேசுவியளா?”

வாசலில் நின்ற மேடம் சிரித்தார். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தோன்றியது. எனக்கு எப்போதும் அப்போதுதான் தோன்றும்.

யார் கழுவியது என்று தெரிவதற்காக மேடம் பாட்டில்களில் டேப் ஒட்டச் சொன்னார். எனக்கு நீலம், பாய்க்குச் சிவப்பு. முதல் தடவை இரண்டு பேருடைய வெறும் பாட்டிலையும் மெஷினில் வைத்தபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூடிகளை எடுத்து வைக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

“பாய், உங்க பாட்டில்ல ஒண்ணுமே இல்ல! மெஷினே முழிக்குது” என்று மேடம் உள்ளேயிருந்து சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணாச்சி, உங்களுது பரவால்ல” என்றார்.

அன்றோடு அந்த வார்த்தை எனக்குக் கசந்துவிட்டது.

அதன் பிறகு நான் பாயைக் கவனிக்கிறதே வேலையாக இருந்தேன். அவர் கழுவும்போது ஏதோ ஒரு ராகத்தை மூக்கிலேயே முனகுவார். நான் எத்தனை அலசல் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு கழுவுகிறவன். அவர் ஒட்டகம் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே கழுவுவார். கதை முடியும்போது பாட்டிலும் முடிந்திருக்கும். மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றித் தண்ணீரைக் கொட்டுவார். நானும் வீட்டில் வெறும் கையால் அதைச் சுழற்றிப் பார்த்தேன். அவர் எந்தப் பக்கத்துக் குழாயில் பிடிக்கிறார் என்று பார்த்து நானும் அதே குழாயில் பிடித்தேன். அவர் எந்தக் கையுறை டப்பாவிலிருந்து எடுக்கிறாரோ அதிலிருந்தே நானும் எடுத்தேன். ஆனாலும் மெஷின் காட்டுகிற என் எண் இறங்கவில்லை. சிவப்பு டேப்பில் ஒன்றும் இல்லை, நீல டேப்பில் ஏதோ இருந்தது.

ஒருவேளை அவர் ஏதாவது ரகசியம் வைத்திருப்பார் என்று நினைத்தேன். வளைகுடாவில் கற்றுக்கொண்ட ஏதோ ஒன்று. சொல்ல மாட்டார், ஏன் சொல்லப் போகிறார்? நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்தது. மேடம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். நல்ல ருசி. அந்த ருசிகூட எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

“அதே ஆசிட், அதே தண்ணி. அந்த ஆளுக்கு மட்டும் சுத்தமா வருது.”

“அவருக்குக் கைராசி போல” என்றாள்.

“அப்பம் எனக்கு?”

“உங்களுக்குக் கையும் இல்ல, ராசியும் இல்லன்னா சொன்னேன்? சாமிட்ட சொல்லிட்டு வேலையத் தொடங்குங்க. அங்கன படம் இருக்குல்லா?”

படம் இருந்தது. கழுவுகிற அறையில், பாட்டில் காய வைக்கிற தட்டுக்கு மேலே சுவரில் ஒரு முருகன் படம் மாட்டியிருந்தேன். அதன் முன்னால் சின்னச் செப்புக் கிண்ணம் ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் போனதும் புளி போட்டு அதை விளக்கி, தண்ணீர் நிறைத்து, ஒரு துளசி இலை போட்டு வைப்பேன். அதற்குப் பிறகுதான் கையுறை மாட்டுவேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்று செய்ததை அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமையும் செய்யத் தொடங்கினேன்.

இதை வாசிக்கிறவர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் மனதில் இரண்டு செம்பு இருந்தது. மெஷின் தேடுகிறது எஸ்டேட்டிலிருந்து வருகிற விஷம், நீலக் கறை, மீனைக் கொல்லுகிற அழுக்கு. வீட்டில் இருக்கிற செம்பு மருந்து. ராத்திரி செப்புக் குடத்தில் தண்ணீரை ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று எங்கள் தெருவில் எல்லாரும் செய்கிறார்கள். மேடம்கூடத் தன் மேஜையில் பளபளவென்று ஒரு செப்புப் பாட்டில் வைத்து அதில்தான் தண்ணீர் குடிப்பார். தண்ணீரைச் சுத்தமாக்குகிற பொருள் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு, அதுவே அழுக்கு என்று எப்படித் தோன்றும்? இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியதும் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“கவுண்டர்ல இருக்கிற பொண்ணு கல்யாணமாகிப் போறா. மாடியில ஒரு ஆளே போதும். ரெண்டு பேர்ல ஒருத்தர் கீழ கவுண்டருக்கு வரணும். சாரல் முடியட்டும், யாரோட பிளாங்க் நல்லா இருக்கோ அவங்க மேல இருக்கட்டும். என்ன பாய்? என்ன அண்ணாச்சி?”

பாய் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஏதோ ஒரு வாட்டம் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. என் மனம் அதற்குள் கவுண்டருக்குப் போய்விட்டது.

கவுண்டர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். “என்னவே, எங்க போர்த் தண்ணி என்னாச்சி? நாலு நாளா இழுக்கிய?” என்று மேஜையில் தட்டுவார்கள். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் ரிசல்ட்டில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் விளக்கச் சொல்லிக் கேட்பார். போன் ஓயாமல் அடிக்கும். எடுத்து ஹலோ என்று சொல்ல வேண்டும், முதல் ஆளாக. ராத்திரி கனவில்கூட அந்தப் போன் அடித்தது.

அன்றிலிருந்து தினமும் கிண்ணத்தை விளக்கினேன். புளியை நன்றாகத் தேய்த்து, கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுரண்டி, முருகன் முகம் அதில் தெரிகிற மாதிரி. விளக்கி முடித்துத் தண்ணீர் நிறைத்துக் கும்பிட்டுவிட்டு, விரலை முக்கி அறை முழுக்கத் தெளிப்பேன். காய வைத்த நீல டேப் பாட்டில்கள் மேலும், மூடிகள் மேலும் ஒரு தெளிப்பு. சிவப்பு டேப் பக்கம் ஒரு துளிகூடப் போகாமல் பார்த்துக்கொள்வேன். என் சாமி எனக்குத்தானே உதவ வேண்டும்?

எண் ஏறியது.

“அண்ணாச்சி, என்னாச்சு? முன்னாடி நல்லாத்தான இருந்துது” என்று மேடம் கேட்டார். ஆசிட்டை மாற்றினார். சுத்தத் தண்ணீர் மெஷினுக்கு வடிகட்டியை மாற்றினார். அது இரண்டு பேருக்கும் பொதுவானதுதானே, பாய்க்கு மட்டும் எப்படிச் சுத்தமாக வருகிறது என்று அவருக்கும் பிடிபடவில்லை. எனக்கோ வேண்டுதல் போதவில்லை என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், இன்னும் கொஞ்சம் தெளித்தேன்.

ஒருநாள் மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய மூடிகள் தட்டில் வரிசையாக, வாயை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன. நான் கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றின் முன்னால் நின்றேன். ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் விரலால் ஒரு தொடு தொட்டால் போதும், வேர்வையே போதும். என் விரல் முதல் மூடிக்கு மேலே வந்துவிட்டது. அப்போது கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். விரலை எடுத்துக்கொண்டேன். பயத்தில்தான் எடுத்தேன், வேறு எதுவும் இல்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்துக் காலையில் நான் புளியும் கையுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாய் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பேசாமல் நின்றதே எனக்கு விசித்திரமாக இருந்தது.

“அண்ணாச்சி, இந்தத் தண்ணிய சாயங்காலம் வச்சா ஆகாதா? வேலையெல்லாம் முடிஞ்சி போகும்போது?”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எண்ணில்தான் முந்துகிறார், இப்போது இதிலுமா?

“எங்க சாமிக்கு எப்ப தண்ணி வைக்கணும்னு நீரு சொல்லணுமாக்கும்? உம்ம சோலியப் பாரும்.”

அந்த லேபில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். பாய் முகம் சிறுத்துப்போய்த் தன் பக்கத்துக்குப் போனார். அன்றைக்கு முனகல் இல்லை, ஒட்டகக் கதை இல்லை. கழுவுகிற அறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் விரும்பியதும் அதுதானே? ஒருநாள் முழுக்க எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்த நாள் அவ்வளவாக இனிக்கவில்லை. ஆனால் நானாகப் போய்ப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படியே விட்டுவிட்டேன்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்தபோது குற்றாலத்தில் தண்ணீர் எடுத்து வர எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார் மேடம். ஒரு லாட்ஜின் குழாய்த் தண்ணீர், பிறகு ஐந்தருவிக்கு மேலிருந்து வருகிற ஓடைத் தண்ணீர். வெளியே போகும்போதும் ஒரு வெறும் பாட்டில் கூடவே வரும். தண்ணீர் எடுக்கிற இடத்தில் அதையும் திறந்து வைத்து, மூடித் திரும்பக் கொண்டு போக வேண்டும். என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. “இதுல தெரிஞ்சிரும்” என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஐந்தருவியில் வரிசை பஸ் நிற்கிற இடம் வரை வந்திருந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எண்ணெய் மினுக்கும் உடம்போடு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கையில் கையுறையும் பாட்டிலும் இருப்பதைப் பார்த்துவிட்டு மங்குஸ்தான் விற்கிற அம்மாள் சத்தமாகக் கேட்டாள்.

“ஏ பாய், ஊரே உள்ள போயி நனையுது, நீங்க என்னத்துக்குத் தண்ணியப் பாட்டில்ல பிடிக்கிய?”

“எங்க மாமியாளுக்கு அருவித் தண்ணியிலதான் காப்பி போடணுமாம்” என்றார் பாய். “இல்லன்னா தொண்டையில இறங்காதாம்.”

“அப்பம் இந்த அண்ணாச்சி?”

“அவருக்கும் அதே மாமியாதான்.”

கடை வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அத்தனை நாள் கழித்து அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார் என்பதும் மனதில் பட்டது.

மேலே ஓடைக்குப் போய்த் தண்ணீர் வருகிற பக்கம் முகத்தைக் காட்டி நின்று எடுத்தோம். வெறும் பாட்டில்களைத் திறந்து பாறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூடுகிற நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சாரல் தூற்றிக்கொண்டிருந்தது. பாய் தன் குடையைப் பாட்டில்களுக்குப் பிடித்தார், இரண்டுக்கும் சேர்த்து.

“அண்ணாச்சி, கோவப்படாம ஒண்ணு கேப்பியளா? கையுறையக் கழத்திட்டு உங்க கையக் காட்டுங்க.”

காட்டினேன்.

“இந்தா பாருங்க, நகத்து இடுக்குல. பச்சையா இருக்கா? மோந்து பாருங்க, புளி வாசம் இன்னும் போகல. அந்தக் கிண்ணம் பளபளன்னு ஆகுதுல்லா, அதுல இருந்து உரிஞ்சது எங்கன போச்சி? இங்கனதான் இருக்கு. இந்தக் கையாலதான் கையுறைய இழுத்து மாட்டுதிய. விரல் நுனியெல்லாம் செம்பு. பொறவு அந்தக் கையுறையாலதான் மூடியத் தொடுதிய. போதாக்குறைக்கு அந்தத் தண்ணிய வேற பாட்டில் மேல தெளிக்கிய.”

“அது சாமி கிண்ணம்லா” என்றேன்.

“சாமி கிண்ணம்தான். நான் இல்லங்கேனா? அந்த மெஷினுக்குச் சாமியும் தெரியாது ஆசாமியும் தெரியாது. செம்புன்னா செம்பு.”

“மொதல்லயே தெரியுமா?”

“வந்த மாசமே தெரியும்.”

“பொறவு ஏன் சொல்லல?”

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எப்பிடிச் சொல்ல? உங்க சாமிக்கு வைக்கிற தண்ணியாலதான் கெடுதுன்னு ஒரு பாய் வந்து சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க ஒண்ணும் நினைக்கலன்னாலும் கேக்கிறவன் நினைப்பான். வேலைக்கு வந்த எடத்துல எதுக்குன்னு இருந்தேன். அன்னைக்கு மெள்ளச் சொல்லிப் பாத்தேன், சாயங்காலம் வையுங்கன்னு. நீங்க ஏசிப்புட்டிய.”

அருவிப் பக்கமிருந்து ஆட்கள் கூவுகிற சத்தம் வந்தது. நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்பம் ஏன் சொல்லுதிய?”

“எனக்குக் கவுண்டர் வேணும் அண்ணாச்சி.” குடையை மறு கைக்கு மாற்றினார். “என்னால மேல இருக்க முடியல. அங்க பாலைவனத்துல அத்தன வருஷம் வாயில்லாத மெஷின்கூடக் கெடந்தேன். ஊருக்கு வந்தும் பாட்டில்கூடவா? நீங்க வேற ஒரு வார்த்த பேச மாட்டிய. கீழ போனா நாலு மனுஷ மூஞ்சியப் பாக்கலாம். உங்க எண்ணு இறங்குனாத்தான் மேடம் என்னையக் கீழ விடுவாவ.”

இத்தனை நாளாக நான் கட்டிக் காத்த சண்டையில் எதிராளியே இல்லை என்று தெரிந்தது. அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்குமா என்று தேடினேன்.

“கீழ போகணும்னா நீரு கொஞ்சம் மோசமாக் கழுவியிருந்தாப் போதுமே. உம்ம எண்ணு ஏறியிருக்கும்லா?”

“அது எப்பிடிவே?” என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார். “கழுவுததக் கழுவாம விட முடியுமா?”

நான் அன்றைக்கு அவருடைய மூடிக்கு மேலே விரலைக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. நகத்தில் இத்தனை பச்சையோடு. தொட்டிருந்தால் நான் நினைத்ததைவிட நன்றாகவே கெட்டிருக்கும். பாட்டில்களை மூடி உறையில் போட்டுக்கொண்டு இறங்கினோம். மங்குஸ்தான் அம்மாள் மாமியாரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்றைக்கு எடுத்த என் வெறும் பாட்டில் இருப்பதிலேயே மோசமாக வந்தது. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கவுண்டர் மேஜை தெரிந்தது.

கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். முருகனுக்கு ஒரு எவர்சில்வர் தம்ளரில், சாயங்காலம் கிளம்பும்போது தண்ணீர் வைத்தேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. நகத்தை ஒட்ட வெட்டினேன், பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பழைய நீல டேப் பாட்டில்களை எல்லாம் மறுபடியும் ஆசிட்டில் ஊறப் போட்டேன். அடுத்த தடவை மெஷினில் வைத்தபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

“அண்ணாச்சி! ஒண்ணுமே இல்ல!” மேடம் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். “பாயோடதுலயும் இல்ல, உங்களதுலயும் இல்ல. அப்படி என்ன செஞ்சீங்க?”

சொல்லியிருக்க வேண்டும். பாய் சொல்லிக் கொடுத்தார் என்று மூன்று வார்த்தை. பாய் எனக்குப் பின்னால்தான் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே சொன்னார்.

“அண்ணாச்சி சாமிட்ட கேட்டிருப்பாரு மேடம்.”

மேடம் சிரித்தார். நான் பாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையும் சுத்தம், பேச்சும் வருகிறது, மனதும் நன்றாக இருக்கிறது. மூன்றையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் மற்றவன் என்னதான் செய்வான்? கெட்ட மனிதனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கிண்ணத்தைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“நல்ல மனுஷன் அந்தப் பாய். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்களேன்.”

“பாப்பம்” என்றேன். இன்னும் கூப்பிடவில்லை. வந்தால் அவளையும் சிரிக்க வைத்துவிடுவார்.

இரண்டு பேர் எண்ணும் ஒன்றாகவே இருந்ததால், சாரல் முடிந்ததும் பாய் தானே மேடத்திடம் கேட்டுக்கொண்டு கீழே போனார். மேடமும் சம்மதித்தார், நான் மேலே. சிவப்பு டேப்பை எல்லாம் உரித்துவிட்டு நீலம் ஒட்டினேன். எண்ணிக்கொண்டு அலசுகிறேன், குறுக்கே ஒட்டகம் வருவதில்லை. வேண்டும் என்று எதைக் கேட்டேனோ அது அப்படியே கிடைத்திருக்கிறது, அந்த அறையும் அந்தத் தண்ணீர்ச் சத்தமும்.

கவுண்டரில் இப்போது யாரும் மேஜையைத் தட்டுவதில்லை. புளியங்குடிக்காரர் ரிசல்ட் வாங்கிய பிறகும் போகாமல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். டீ கொண்டு வருகிறவர் கீழே நின்றுவிட்டு, எனக்கு ஆறிய பிறகு கொண்டு வருகிறார். மேடமும் செப்புப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு டீ நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறார்.

நேற்று நான் பாட்டில் அலசிக்கொண்டிருந்தபோது மாடிப்படி வழியாக ஒரு பெரிய சிரிப்பு ஏறி வந்தது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. நடுவில் மேடத்தின் குரல் தனியாகக் கேட்டது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வார்த்தைகள் மேலே வருவதில்லை, சிரிப்பு மட்டும்தான் வருகிறது. நான் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். அதற்குள் அங்கே அடங்கிவிட்டது.

குழாயை மறுபடியும் திறந்தபோது எத்தனையாவது அலசலில் இருந்தேன் என்பது மறந்துபோயிருந்தது. அந்தப் பாட்டிலை முதலிலிருந்து தொடங்கினேன்.